கச்சேரி டிக்கெட்டும் பிளாக் விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய இசை நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்டால் போதும், அடுத்த பத்து நாளைக்கு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான். டிக்கெட் கிடைக்கவில்லை, யாரோ மூன்று மடங்கு சொல்கிறார்கள், வாங்கலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசுவேன். அப்படிப் பேசியதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். ரசிகருக்கென்று வைத்த விலையில் அந்த டிக்கெட் ரசிகர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி. எல்லா பதில்களும் அந்தப் பக்கம் நின்றுதான் எழுதப்பட்டவை.

காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். நான் என்ன விலைக்கு விற்றால் என்ன?

கடைசி நேரத்தில் போக முடியாமல், வாங்கிய விலைக்கே இன்னொருவருக்குக் கொடுத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் இது தினமும் நடக்கிறது. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் மாமி, "இன்னிக்கு முட்டி வலி, நீ போயிட்டு வாயேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி வைப்பார். நாற்காலி காலியாகக் கிடக்காது. பாடுகிறவருக்கும் கேட்க இன்னொரு ஆள் கிடைத்தது.

நான் தப்பு என்பது வேறு. கச்சேரிக்குப் போகும் எண்ணமே இல்லாமல், விற்பதற்கென்றே டிக்கெட்டை அள்ளிக்கொண்டு, நிஜமாகவே போக நினைப்பவரிடம் மூன்று மடங்கு கேட்பது. பழைய தியேட்டர் வாசல்களில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நம் முகத்தைப் பார்க்காமல், "முப்பது நூறு, முப்பது நூறு" என்று முணுமுணுத்தபடி கடந்து போவாரே, அவர் செய்த வேலைதான். அவரால் கையில் இருபது டிக்கெட்தான் வைத்திருக்க முடிந்தது. இன்றைக்கு அதே வேலையைச் செய்பவர் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார், அதுவும் வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பாடுகிறவருக்கோ, வயலின் வாசிப்பவருக்கோ, மேடைக்கு லைட் கட்டுகிறவருக்கோ போவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

கோல்ட்ப்ளே மும்பைக்கு வந்தபோது என்னதான் நடந்தது?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நண்பகல் 12 மணிக்கு புக்மைஷோ என்ற டிக்கெட் தளத்தில் விற்பனை. 2025 ஜனவரி 18, 19 தேதிகளில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் இந்த பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டு நிகழ்ச்சிகள். நாடு முழுக்க ஆட்கள் போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். 12 மணிக்கு முன்பே ஆப் திணறிவிட்டது. திரும்ப வந்தபோது பலருக்குத் திரையில் தெரிந்தது லட்சக்கணக்கில் ஒரு வரிசை எண். அன்றைக்கே 21ஆம் தேதிக்கு மூன்றாவது நிகழ்ச்சி சேர்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. டிக்கெட் தேடி 1.3 கோடிப் பேர் வந்ததாகச் செய்திகள் வந்தன. ஸ்டேடியத்தில் ஒரு நாளைக்குக் கொள்ளும் கூட்டமோ சில பத்தாயிரம்தான்.

அறிவித்த விலை 2,500 ரூபாயில் தொடங்கியது. மேடைக்கு முன்னால் நின்று பார்க்க 6,450. லவுஞ்சுக்கு 35,000. விற்பனை முடிந்த சூட்டோடு வியாகோகோ போன்ற மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுகள் லட்சங்களில் பட்டியலாகின. அந்தத் தளங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று புக்மைஷோ அறிவித்தது, போலீசில் புகாரும் கொடுத்தது. அதற்குப் பிறகும் விஷயம் அடங்கவில்லை. கோல்ட்ப்ளே, பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் நிகழ்ச்சிகளின் டிக்கெட் விற்பனை தொடர்பாக அக்டோபர் 25 அன்று அமலாக்கத்துறை டெல்லி, மும்பை, ஜெய்ப்பூர், பெங்களூரு, சண்டிகர் ஆகிய ஐந்து நகரங்களில் சோதனை நடத்தியது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக டிக்கெட்டுகளும், போலி டிக்கெட்டுகளும் விற்கப்பட்டதாக அந்தத் துறை சொன்னது.

ஆயிரக்கணக்கான டிக்கெட் சில நிமிடத்தில் எப்படித் தீருகிறது?

இரண்டு காரணம். முதலாவது பாட். மனிதன் செய்கிற மாதிரியே தளத்தில் நுழைந்து, இருக்கை தேர்ந்தெடுத்து, கார்டு எண்ணைப் போட்டு, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் போல நடந்துகொள்ளும் மென்பொருள். நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2016இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 2014 டிசம்பரில் யூ2 இசைக்குழுவின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்க நிகழ்ச்சிக்கு விற்பனை திறந்தது. ஒரே தரகர், பாட் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் 1,012 டிக்கெட் எடுத்துவிட்டார். ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டிருந்தும். நீங்களும் நானும் ஓடிபி வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. அத்தனை டிக்கெட்டும் பொது விற்பனைக்கு வருவதே இல்லை. அதே அறிக்கையில் அவர்கள் ஆராய்ந்த நிகழ்ச்சிகளில் சராசரியாக 16 சதவீதம் கலைஞர், அரங்கம், நடத்துபவர்கள் தரப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. 38 சதவீதம் குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள், ரசிகர் மன்றத்தினர் போன்றவர்களுக்கான முன்விற்பனையில் போய்விட்டது. மிச்சம் 46 சதவீதம்தான் கதவு திறக்கும்போது நமக்கு. ஐம்பதாயிரம் இருக்கை என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நாம் வரிசையில் நிற்கிறோம், உள்ளே இருப்பது பாதிகூட இல்லை. எத்தனை டிக்கெட் நிஜமாகப் பொது விற்பனைக்கு வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று நடத்துபவர்களிடம் ரசிகர்கள் கேட்க வேண்டும். இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

தேவை அதிகமானால் விலை ஏறுவது இயற்கைதானே? தக்காளி விலை ஏறுவதில்லையா?

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். தக்காளி விலை ஏறினால் அடுத்த போகத்தில் கூடுதலாகப் பயிரிடுவார்கள், வரத்து கூடும், விலை இறங்கும். ஒரு ராத்திரி ஒரு மேடையில் ஒருவர் பாடுவதற்கு அடுத்த போகம் கிடையாது. பிளாக்கில் விலை பத்து மடங்கு ஏறியதால் அரங்கத்தில் ஒரு நாற்காலி கூடுதலாக முளைப்பதில்லை. உள்ளே யார் உட்காருகிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது.

அப்புறம், கலைஞர் வேண்டுமென்றேதான் விலையைக் குறைத்து வைக்கிறார். 35,000 ரூபாய்க்கு எல்லா இருக்கையையும் விற்க முடியும் என்று தெரிந்தேதான் 2,500க்கும் சில வைக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முன்வரிசையில் குதிக்காத கச்சேரி செத்த கச்சேரி என்று மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்காகக் கலைஞர் விட்டுக்கொடுத்த தொகையைத்தான் நடுவில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் விற்பனைத் தளமே விலையை ஏற்றினால்?

டைனமிக் பிரைசிங், அதாவது தேவை கூடக் கூட விற்பவரே விலையை ஏற்றுவது பற்றிக் கேட்கிறீர்கள். 2022இல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நிகழ்ச்சிகளுக்குச் சில டிக்கெட்டுகள் இப்படி 5,000 டாலர் வரை போயின. உழைக்கும் மக்களைப் பற்றிப் பாடியவரின் கச்சேரி என்பதால் ரசிகர்களுக்கு அது இன்னும் கசந்தது.

2024 ஆகஸ்ட் 31இல் பிரிட்டனில் ஒயாசிஸ் என்ற ராக் குழுவின் டிக்கெட் விற்பனை. மணிக்கணக்காக வரிசையில் நின்று உள்ளே போனவர்களுக்கு, சுமார் 150 பவுண்டு என்று நினைத்திருந்த நின்று பார்க்கும் டிக்கெட் 350 பவுண்டுக்கு மேல் காட்டியது. எடுக்கலாமா விடலாமா என்று யோசிக்கச் சில நிமிடம்தான். பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரித்தது. நொடிக்கு நொடி விலை ஏற்றும் மென்பொருள் இருந்ததாக ஆதாரம் இல்லை, ஆனால் மலிவு டிக்கெட்டுகளை முதலில் விட்டு, அவை தீர்ந்ததும் அதே இடத்துக்கான அதிக விலை டிக்கெட்டுகளை டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனை நிறுவனம் திறந்தது, இப்படி இரண்டு விலை உண்டு என்று வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லவில்லை என்று கண்டறிந்தது. பிளாட்டினம் என்று பெயர் வைத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு விலைக்கு விற்றவற்றில் கூடுதல் வசதி எதுவும் இல்லை என்பதும் வெளியே வந்தது. 2025 செப்டம்பரில், இரண்டு விலை உண்டென்றால் 24 மணி நேரம் முன்பே அறிவிக்கிறோம் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதில் கிடைக்கும் கூடுதல் பணத்தில் கலைஞருக்கும் பங்கு போகலாம், அந்த அளவில் இது பிளாக்கைவிடத் தேவலாம். ஆனால் வரிசையில் நிற்கும்போது ஒரு விலை, கவுண்டருக்கு வந்ததும் ஒரு விலை என்றால் அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

கலைஞர் மனது வைத்தால் விலையைக் காப்பாற்ற முடியுமா?

பெருமளவு முடியும். தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2023இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது செய்து காட்டியது. டிக்கெட் 20 டாலரிலிருந்து. டைனமிக் பிரைசிங் வேண்டாம், பிளாட்டினம் வேண்டாம். முன்கூட்டியே பெயர் பதிந்த ரசிகர்களுக்குத்தான் விற்பனை. வாங்கிய டிக்கெட்டை வேறு ஆளுக்கு மாற்றக் கூடாது. போக முடியாதவர் அதிகாரபூர்வமான பரிமாற்றத் தளத்தில், வாங்கிய விலைக்கே திருப்பி விடலாம்.

விற்பனை தொடங்கிய அன்று ஒரு ரசிகர் தன் பில்லைப் படம் எடுத்துப் போட்டார். 20 டாலர் டிக்கெட் நான்கு, மொத்தம் 80 டாலர். அதற்குக் கீழே சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்கு 11.65, அரங்கக் கட்டணம் டிக்கெட்டுக்கு 10, ஆர்டருக்கு 5.50. கட்டணங்கள் மட்டும் 92.10 டாலர். டிக்கெட் விலையைவிட அதிகம். குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் அதைப் பார்த்துக் கொதித்துப் போனார். எல்லாம் பெரிய எழுத்தில் ட்விட்டரில் எழுதினார், டிக்கெட்மாஸ்டரிடம் நேரடியாகக் கேள்வி கேட்டார். அடுத்த நாளே அந்த நிறுவனம் இறங்கி வந்தது. மிகக் குறைந்த விலை டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தலா 10 டாலர், மற்றவர்களுக்குத் தலா 5 டாலர் திருப்பிக் கொடுத்தது. பிறகு, மறுவிற்பனைக்காக வாங்கப்பட்டவை என்று தெரிந்த சுமார் 7,000 டிக்கெட்டுகளை ஸ்மித் ரத்து செய்ய வைத்தார்.

அவருக்கும் எல்லா இடத்திலும் வெற்றி இல்லை. நியூயார்க், இல்லினாய், கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில் டிக்கெட்டைக் கைமாற்றும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வாங்கியவரை ஒரே நிறுவனத்திடம் கட்டிப்போடக் கூடாது என்று வந்த சட்டம்தான், ஆனால் அங்கே பிளாக்காரர்களும் அதே வாசலில் நுழைந்துகொண்டார்கள்.

கோல்ட்ப்ளேயின் இன்ஃபினிட்டி டிக்கெட்டையும் சொல்ல வேண்டும். இந்திய நிகழ்ச்சிகளுக்கு 2024 நவம்பர் 22இல் இவை 2,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், இரண்டுக்கு மேல் கிடையாது. எந்த இருக்கை என்பதே கவுண்டரில் போய் டிக்கெட்டை வாங்கும்போதுதான் தெரியும். எங்கே உட்காரப் போகிறோம் என்றே தெரியாத டிக்கெட்டை எவ்வளவுக்கென்று பிளாக்கில் விற்பது?

இன்னொரு வழி, நிகழ்ச்சிகளைக் கூட்டுவது. அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் ஜனவரி 25, 26 தேதிகளைச் சேர்த்தபோது ஒவ்வொரு நாளும் லட்சம் பேருக்கு மேல் இடம் கிடைத்தது. 26ஆம் தேதி நிகழ்ச்சி டிஸ்னி+ ஹாட்ஸ்டாரில் நேரலையாகவும் வந்தது. சரக்கு தாராளமாக இருக்கும் இடத்தில் பிளாக்காரருக்கு வேலை இல்லை.

பெயர் போட்ட டிக்கெட், கைமாற்ற முடியாது என்றால், எனக்கு உடம்பு சரியில்லாவிட்டால் காசு போச்சா?

போகக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கைமாற்றத் தடை போடுகிற நிறுவனத்தை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. ரயில் டிக்கெட்டை யோசித்துப் பாருங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை காட்ட வேண்டும். போக முடியாவிட்டால் கேன்சல் செய்கிறோம், பிடித்தம் போக மிச்சம் வருகிறது. அந்த பெர்த் அங்கேயே யாருக்கும் ஏலத்தில் போவதில்லை, வெயிட்டிங் லிஸ்ட்டில் அடுத்து நிற்பவருக்கு அதே விலையில் போகிறது. அப்பாவுக்குப் போட்ட டிக்கெட்டில் அண்ணன் போக வேண்டுமென்றால், 24 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுத்தால் நெருங்கிய குடும்பத்தார் பெயருக்கு மாற்றியும் தருகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 143, மூன்று ஆண்டு வரை சிறை. தட்கலில் ஏஜென்ட்டுகளும் பாட்களும் புகுந்ததும், 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள், முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்குத் தடை போட்டார்கள்.

ஐஆர்சிடிசி வரிசையில் நின்று திட்டாதவர் யாருமில்லை, நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் மதுரைக்கு ஸ்லீப்பர் டிக்கெட் பொங்கலுக்கு முதல் நாள் அதிகாரபூர்வமாகப் பத்தாயிரம் ரூபாய் ஆவதில்லை. ஒரு பெயர், ஒரு வெயிட்டிங் லிஸ்ட், திருப்பிக் கொடுத்தால் அதே விலையில் அடுத்தவருக்கு. கச்சேரி டிக்கெட்டுக்கு இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் போதும்.

சேவைக் கட்டணம் ஏன் இவ்வளவு?

தளத்தை நடத்தும் செலவு கொஞ்சம், அரங்கத்தோடும் நடத்துபவரோடும் பங்கு கொஞ்சம், போட்டி இல்லாத தைரியம் மிச்சம். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018இல் பார்த்தபோது முதல் விற்பனையில் சராசரியாக டிக்கெட் விலையில் 27 சதவீதமும், மறுவிற்பனையில் 31 சதவீதமும் கட்டணமாகவே போனது. மறுவிற்பனைத் தளங்கள் விலை ஏறுவதைத் தடுக்க ஏன் அவசரப்படுவதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. சதவீதக் கணக்கில் வாங்குகிறவருக்கு விலை ஏறினால்தான் வரும்படி.

இந்தியாவில் இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா?

கச்சேரி டிக்கெட்டை இன்ன விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யக் கூடாது என்று நாடு முழுமைக்கும் தனிச்சட்டம் இல்லை. ஆனால் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவைப் பலர் கவனிக்கவில்லை. கும்பலாகச் செய்யும் சில்லறைக் குற்றங்களின் பட்டியலில் திருட்டு, வழிப்பறி, ஏமாற்று வரிசையில், அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. ஒரு கும்பலைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்க வேண்டும், வெளிநாட்டில் இருந்து இயங்கும் தளத்தை எப்படிப் பிடிப்பது என்ற சிக்கலும் இருக்கிறது.

கோல்ட்ப்ளே விவகாரத்துக்குப் பிறகு பாம்பே உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று போனது, ஆன்லைன் டிக்கெட் விற்பனைக்கு விதிமுறை வகுக்கக் கேட்டு. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது அரசும் சட்டமன்றமும் செய்ய வேண்டிய வேலை என்பது நீதிபதிகளின் நிலை. பந்து இப்போது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

எனக்குப் பிடித்தது அயர்லாந்தின் 2021 சட்டம். ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும், அரசு குறிப்பிட்ட அரங்கங்களில் நடக்கும் நிகழ்ச்சியின் டிக்கெட்டை அசல் விலைக்கு மேல் விற்றால் ஒரு லட்சம் யூரோ வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. சுருக்கமான, புரியும் சட்டம். ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல், மறுவிற்பனை கூடாது என்று குறிப்பிட்டு விற்ற டிக்கெட்டைத் தொழிலாகக் கூடுதல் விலைக்கு விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். அங்கே பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கல் முறை சகஜம். முதலில் வருபவருக்கு முதலிடம் என்ற ஓட்டப்பந்தயமே இல்லாததால் பாட் மென்பொருளின் வேகத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு. தைவானில் 2023இல் திருத்திய சட்டப்படி டிக்கெட் விலையைப்போல் 10 முதல் 50 மடங்கு வரை அபராதம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில், அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் 2016இலேயே பாட்களைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் முதல் வழக்குக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் முன்விற்பனை நாளில் டிக்கெட்மாஸ்டரே முடங்கி, பொது விற்பனையை ரத்து செய்ததும், அடுத்த ஜனவரியில் செனட் குழு அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதும் நடந்தன. பாட்களை மட்டும் தடை செய்துவிட்டு விலையை விட்டுவிட்டால் போதாது என்பதை அமெரிக்காவைப் பார்த்துத்தான் சொல்கிறேன். லாபம் இருக்கும்வரை யாராவது புதுப் பாட் மென்பொருள் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

விலைக்கு உச்சவரம்பு போட்டால் வியாபாரம் மறைவாகப் போய், ஏமாற்று கூடும் என்கிறார்களே?

மறுவிற்பனைத் தளங்கள் எப்போதும் சொல்வது இது. இதில் ஓரளவு உண்மை உண்டு. தடையை மட்டும் போட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்கவும் வாங்கவும் ஒரு நேர்மையான இடம் வைக்காவிட்டால் ஆட்கள் டெலிகிராமுக்குத்தான் போவார்கள். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். ஒயாசிஸ் நிகழ்ச்சிகளுக்கு ட்விக்கெட்ஸ் என்ற தளத்திலும் டிக்கெட்மாஸ்டரிலும் அசல் விலைக்கு மறுவிற்பனை செய்ய வழி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு இடம் இருந்தால், "எங்கே வாங்குவது பத்திரம்?" என்று கேட்பவருக்கு ஒரு பதில் இருக்கும். உச்சவரம்பு இல்லாத இன்றைய நிலையிலும் ஏமாற்றுக்குக் குறைவில்லையே.

பிளாக்கில் வாங்கினால் எனக்கு என்ன நஷ்டம்? காசு என்னுடையதுதானே?

என் அக்கா மகளிடம் கேளுங்கள். சென்னையில் ஒரு நிகழ்ச்சி, அவளுக்கு உயிர். இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒருவரிடமிருந்து இரண்டு டிக்கெட், போட்ட விலையைப்போல் இரண்டரை மடங்கு கொடுத்து வாங்கினாள். என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை. வாசலில் அவள் போனை நீட்டினாள், ஸ்கேனர் சிவப்பு காட்டியது. "இது உள்ளே போயிடுச்சும்மா" என்றார் அங்கே நின்ற பையன். திரும்பவும் ஸ்கேன் செய்தார், திரும்பவும் சிவப்பு. அதே கியூஆர் கோடை அந்த ஆள் எத்தனை பேருக்கு விற்றாரோ, இவளுக்கு முன்னால் ஒருவர் உள்ளே போயிருந்தார். முதல் பாட்டு வெளியே கேட்டது. பார்க்கிங்கில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள், "மாமா, திட்டாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அந்த ஆளுடைய கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

உள்ளே போய்விட்டாலும் ஆபத்து தீர்ந்தது என்று இல்லை. 2023இல் சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி ஆகஸ்ட் 12இல் மழையால் தள்ளிப்போனது. செப்டம்பர் 10இல் நடந்தபோது டிக்கெட் வைத்திருந்த பலரே நெரிசலில் உள்ளே போக முடியவில்லை. போக முடியாதவர்கள் டிக்கெட்டின் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார். இப்படி ஒரு நாள் வந்தால் பிளாக்கில் வாங்கியவர் யார் பெயரில் இருக்கும் நகலை அனுப்புவார்? பணம் திரும்பினாலும் முதலில் வாங்கியவரின் கணக்குக்குத்தான் போகும், அதுவும் அசல் விலை மட்டும்.

டிக்கெட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா?

வேண்டாம். கியூஆர் கோடோ பார்கோடோ தெரிந்தால் அதை வைத்து வேறு யாராவது முன்னால் நுழைந்துவிடலாம். அந்தக் கோட் முழுவதையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

டிக்கெட்டே இல்லாதவர் டிக்கெட் விற்க முடியுமா?

முடிகிறது. விற்பனை திறக்கும் முன்பே "வரிசை ஏ" என்று பட்டியல் போட்டு, உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மலிவாக டிக்கெட் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் கடைசி நாளில் கையை விரிப்பார்கள். விற்பனை தொடங்காத நிகழ்ச்சிக்கு யாராவது இருக்கை எண் சொன்னால், அந்த இருக்கை அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னால் போக முடியவில்லை. நியாயமாக எப்படிக் கைமாற்றுவது?

முதலில் வாங்கிய தளத்திலேயே பெயர் மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறெங்கும் போகாதீர்கள். இல்லையென்றால் நேரில் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று கேளுங்கள். ஆபீஸ் குரூப்பில், அபார்ட்மெண்ட் குரூப்பில் "போட்ட விலைக்கே தருகிறேன்" என்று எழுதினால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும். விலையோடு சேவைக் கட்டணத்தையும் கேட்கலாம், அது நீங்கள் கட்டியதுதான். பில்லைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். கியூஆர் கோடை முன்கூட்டியே அனுப்பாமல், பணம் வந்ததும் தளம் வழியாகவே டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள், ஒருவருக்கு மட்டும். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருந்தால் வாசலில் என்ன அடையாள அட்டை கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி முடியும்வரை உங்கள் போன் ஆனில் இருக்கட்டும், வாசலில் ஏதாவது சிக்கல் என்றால் அவர் கூப்பிடும்போது எடுக்க வேண்டும்.